துவாலு போகணுமா? டிக்கெட் போடறதுக்கு முன்னாடி இத முழுசா படிச்சிடுங்க

பசிபிக் கடல்ல ஃபிஜிக்கு வடக்கே 1000 கிலோமீட்டருக்கு மேல தள்ளி ஒம்போது குட்டித் தீவு இருக்கு, எல்லாத்தையும் கூட்டினாலே 26 சதுர கிலோமீட்டர் தான் வரும், ஜனத்தொகை சுமார் 11,000. அது தான் துவாலு. அவங்க பாஷைல "எட்டு பேர் சேர்ந்து நிக்கறது"ன்னு அர்த்தம். ஒம்போதாவது தீவு நியுலகிட்டால ஜனங்க நிரந்தரமா குடியேறினது ரொம்ப பிற்பாடு தான், ஆனா கொடியில நட்சத்திரம் ஒம்போதும் இருக்கு. முன்னாடி எல்லிஸ் தீவுகள்னு பிரிட்டிஷ்காரங்க கைல இருந்துச்சு, 1978 அக்டோபர் 1ஆம் தேதி சுதந்திரம் வாங்கினாங்க.

போயிட்டு வந்ததுல இருந்து எப்படி போனீங்க எவ்ளோ ஆகும்னு கேட்டுட்டே இருக்காங்க, அதான் ஒரே இடத்துல எழுதிடறேன். மொதல்ல ஒரு விஷயம் மனசுல பதிய வெச்சுக்கோங்க, இங்க உங்க பிளான் எதுவும் உங்க கைல இல்ல. ப்ளேன் எப்ப வருது, மழை எப்ப நிக்குது, சரக்கு கப்பல் வந்துச்சா இல்லயா, இந்த மூணும் தான் எல்லாத்தையும் முடிவு பண்ணும். அதனால கைல ரெண்டு விஷயம் தாராளமா இருக்கணும், ஒண்ணு நாள், இன்னொண்ணு ரொக்கப் பணம். இது ரெண்டுல எதையாவது இறுக்கிப் புடிச்சீங்கன்னா ட்ரிப் முழுக்க டென்ஷன்லயே போயிடும்.

ப்ளேன் விஷயம்

துவாலுக்கு ஒரே ஒரு ஏர்போர்ட் தான், தலைநகர் ஃபுனாஃபுட்டில. ஃபிஜில தலைநகர் சுவா பக்கத்துல நௌசோரின்னு ஒரு ஏர்போர்ட் இருக்கு, அங்கருந்து ஃபிஜி ஏர்வேஸ் ஏடிஆர் ப்ளேன், ரெண்டு பக்கமும் காத்தாடி சுத்தும்ல அந்த மாதிரி, வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை போயிட்டு வரும். ரெண்டரை மணி நேரம் ஆகும். டிக்கெட் தேடும்போது சுவாவுக்கு எஸ் யூ வி, ஃபுனாஃபுட்டிக்கு எஃப் யூ என், நாந்திக்கு என் ஏ என். இந்த மூணு ஏர்போர்ட் கோடும் ஞாபகம் வெச்சுக்கோங்க ஏன்னா பெரிய ப்ளேன்ல வர்றவங்க இறங்கறது பெரும்பாலும் நாந்தில தான், அது ஃபிஜியோட பெரிய தீவுல மேற்கு ஓரம், நௌசோரி கிழக்கு ஓரம், நடுவுல ரோட்டுல போனா நாலு மணி நேரத்துக்கு மேல ஆகும். (எழுதறப்ப நடின்னு வரும், ஆனா ஃபிஜி பாஷைல டி எழுத்துக்கு முன்னாடி ஒரு ந் சத்தம் இருக்கு, அதனால நாந்தின்னு சொன்னா தான் அங்க புரியும்.) நாந்தில இருந்து நௌசோரிக்கு அரை மணி நேர ப்ளேனும் இருக்கு, பஸ்ஸும் இருக்கு. பகல்ல டைம் இருந்தா பஸ்ல போங்கன்னு தான் நான் சொல்வேன், பாதி தூரம் கடல ஒட்டியே ரோடு போகும்.

இந்தியால இருந்து போறவங்களுக்கு எல்லாத்தையும் விட பெரிய குழப்பம் எந்த வழியா போறதுன்றது தான். சிட்னி வழியா டிக்கெட் கொஞ்சம் கம்மியா காட்டும், உடனே போட்டுடாதீங்க, இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஆஸ்திரேலியால ப்ளேன் மாறறதுக்கே ட்ரான்சிட் விசா வேணும், நியூசிலாந்துலயும் அதே கதை தான். சிங்கப்பூர்ல இருந்து நாந்திக்கு நேரடி ஃப்ளைட் இருக்கு, ஏர்போர்ட்ட விட்டு வெளிய வராம மாறிக்கற மாதிரி ஒரே டிக்கெட்டா போட்டீங்கன்னா இந்த தலைவலி இல்ல. தனித்தனி டிக்கெட்டா போட்டு பெட்டிய எடுக்க வெளிய வர வேண்டி வந்தா சிங்கப்பூர் விசா வேணும், அத மறந்துடாதீங்க. ஃபிஜிக்கு இந்திய பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா எடுக்க தேவையில்ல, நாலு மாசம் வரைக்கும் இருக்கலாம், ஆனா திரும்பற டிக்கெட் கேப்பாங்க.

துவாலுக்கு போய் இறங்கினதுக்கு அப்புறம் தான் அனுமதி முத்திரை குத்துவாங்க, வழக்கமா ஒரு மாசம் வரைக்கும். திரும்பற டிக்கெட், தங்கற இடத்தோட பேரு, செலவுக்கு பணம் இருக்குன்னு காட்டறதுக்கு ஏதாவது, இதெல்லாம் பேப்பர்ல ப்ரின்ட் எடுத்து வெச்சுக்கோங்க, ஏன்னா அங்க இறங்கின உடனே உங்க போன்ல நெட் வேலை செய்யாது. கட்டணம் கேட்டா கட்டறதுக்கு ஒரு 100 ஆஸ்திரேலிய டாலர் தனியா கவர்ல போட்டு வெச்சிடுங்க. விதிமுறை மாறிட்டே இருக்கும், அதனால டிக்கெட் போடறதுக்கு முன்னாடி சுவால இருக்கற துவாலு ஹைகமிஷனுக்கு ஒரு மெயில் போட்டு கேட்டுடுங்க, பதில் மெதுவா தான் வரும், ரெண்டு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சிடுங்க.

இப்ப முக்கியமான விஷயம். ஃபுனாஃபுட்டில இருந்து வர்ற ப்ளேனையும் நாந்தில இருந்து ஊருக்கு கிளம்பற ப்ளேனையும் ஒரே நாள்ல வெக்கவே வெக்காதீங்க. அடுத்த நாளும் வேணாம். குறைஞ்சது ரெண்டு நாள், மழைக்காலம்னா மூணு நாள் இடைவெளி விடுங்க. மழை பலமா இருந்தா ப்ளேன் இறங்க முடியாம வந்த வழியே திரும்பி போறது உண்டு, அப்படி ஒண்ணு தவறிடுச்சுன்னா அடுத்தது ரெண்டு மூணு நாள் கழிச்சு தான், அதுலயும் ஏற்கனவே சீட் நிறைஞ்சிருக்கும். நாங்க கிளம்ப வேண்டிய நாள்ல காலைல இருந்து வானம் இருண்டு கெடந்துச்சு, ப்ளேன் வரல. எங்க கூட இருந்த ஒரு தம்பதி அடுத்த நாள் நாந்தில இருந்து கனெக்ஷன் வெச்சிருந்தாங்க, அந்த அம்மா அழுதுட்டாங்க. எங்களுக்கு மூணு நாள் கைல இருந்ததால ஒண்ணும் ஆகல, உண்மைய சொன்னா அந்த கூடுதல் நாள்ல தான் ஊரே எங்களுக்கு பழக்கமாச்சு.

லக்கேஜ் பத்தியும் சொல்லிடறேன். சின்ன ப்ளேன், எடை விஷயத்துல கண்டிப்பா இருப்பாங்க, சில சமயம் எடை ஜாஸ்தின்னு பெட்டிய இறக்கி வெச்சுட்டு அடுத்த ப்ளேன்ல அனுப்புவாங்க. அதனால மாத்திரை, கண்ணாடி, சார்ஜர், ரெண்டு செட் துணி, பணம் எல்லாம் தோள்ல மாட்ற பைல தான் இருக்கணும்.

எந்த மாசம் போறது

வருஷம் முழுக்க 26ல இருந்து 32 டிகிரி, வெயில்ல பெரிய வித்தியாசம் இல்ல, வித்தியாசம் மழைல தான். நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் மழையும் மேற்கு காத்தும், மே மாசத்துல இருந்து அக்டோபர் வரைக்கும் கொஞ்சம் காஞ்சு கிழக்கு காத்து வீசும், முதல் தடவை போறவங்க இந்த சீசன்லயே போங்க. ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் கிங் டைடுன்னு சொல்ற உச்ச ஓதம் வரும், அப்ப கடல் கரைய தாண்டி வர்றது மட்டும் இல்ல, தரைக்குள்ள இருந்தே தண்ணி ஊறி மேல வரும், ஏன்னா தீவோட அடித்தளம் பூரா ஓட்ட ஓட்டையா இருக்கற பவளப்பாறை. சுவர் கட்டினா அலைய நிறுத்தலாம், அடில இருந்து ஊறி வர்றத எப்படி நிறுத்தறது? நாட்டுலயே உசரமான இடம் நாலரை மீட்டர் சொச்சம் தான்.

அக்டோபர் 1 சுதந்திர தினம், அந்த வாரம் ஆட்டம் பாட்டு எல்லாம் பிரமாதமா இருக்கும், ஆனா ரூம் கெடைக்கறது கஷ்டம். ஏப்ரல் 23 இன்னொரு நாள், 1943ல ஜப்பான் ப்ளேன் குண்டு போட்டப்ப சர்ச்சுக்குள்ள பதுங்கி இருந்த நூத்துக்கணக்கான ஜனங்கள ஒரு அமெரிக்க சிப்பாய் வற்புறுத்தி வெளிய கொண்டு வந்தாரு, கொஞ்ச நேரத்துல அந்த சர்ச் மேல குண்டு விழுந்துச்சு. அத இன்னைக்கும் ஃபுனாஃபுட்டில நினைவு நாளா வெச்சிருக்காங்க. நீங்க போற சமயம் அது வந்துச்சுன்னா ஓரமா நின்னு பாருங்க, அது டூரிஸ்டுக்காக நடத்தற நிகழ்ச்சி இல்ல.

பணம்

புழங்கறது ஆஸ்திரேலிய டாலர். துவாலுக்குன்னு சொந்தமா காசு மட்டும் இருக்கு, ஒரு டாலர் காசுல ஆமை, அம்பது சென்ட்ல ஆக்டோபஸ். 2025 வரைக்கும் நாட்டுல ஒரு ஏடிஎம் கூட கெடையாது, அந்த வருஷம் ஏப்ரல்ல தான் முதல் மெஷின் வெச்சாங்க, பிரதமரே வந்து திறந்து வெச்சு கேக் வெட்டி கொண்டாடினாங்க. மெஷின் வந்துடுச்சேன்னு கார்ட மட்டும் தூக்கிட்டு போயிடாதீங்க, வெளிநாட்டு கார்ட் வேலை செய்யும்னு நம்பி போய் நடுவுல மாட்டிக்கிட்டா கடன் கேக்கக்கூட ஆள் இல்ல. தங்கற செலவு, சாப்பாடு, வண்டி வாடகை, படகு வாடகை, எல்லாத்தையும் கணக்கு போட்டு அதோட பாதிய கூடுதலா சேத்து ரொக்கமா கொண்டு போங்க. ப்ளேன் வராம நாலு நாள் கூட தங்கினாலும் தாங்கணும், அதுக்கு தான் அந்த பாதி.

நோட்டு 5, 10, 20ஆ இருக்கட்டும். நான் கிளம்பற அவசரத்துல எல்லாத்தையும் 100 டாலர் நோட்டா வாங்கிட்டு போயிட்டேன், சின்ன கடைல ஒரு தேங்கா பன் வாங்க நூறு டாலர் நீட்டினா அவங்க பாவம் என்ன பண்ணுவாங்க, கடைக்காரம்மா "நாளைக்கு குடுங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. முன்ன பின்ன தெரியாத ஆளுக்கு அந்த மாதிரி கடன் குடுக்கற ஊர்ல நாம அத வெச்சு சுமை ஏத்தக் கூடாது. பேங்க்ல மாத்திக்கலாம், ஃபுனாஃபுட்டில வையாகுன்ற இடத்துல நேஷனல் பேங்க் ஆஃப் துவாலு இருக்கு, ஆனா வேலை நேரம் கம்மி, சனி ஞாயிறு மூடிடுவாங்க.

தங்கறது

ஃபுனாஃபுட்டில ஃபோங்காஃபாலேன்ற தீவுத்துண்டுல தான் கிட்டத்தட்ட எல்லாமே, நீளம் 12 கிலோமீட்டர் கிட்ட, அகலம் சில இடத்துல ஒரு தெரு அகலம் தான். வையாகுன்ற பகுதில அரசாங்க ஆபீஸ், ஹோட்டல், லாட்ஜ், கெஸ்ட் ஹவுஸ் எல்லாம் கூப்பிடு தூரத்துல இருக்கு, ஏர்போர்ட்ல இருந்து பெட்டிய இழுத்துட்டு நடந்தே போயிடலாம். மொத்தமே கொஞ்சம் ரூம் தான், அதனால சர்வதேச மீட்டிங் ஏதாவது நடந்தா அத்தனையும் அதிகாரிங்களுக்கே போயிடும். மெயில் போட்டு புக் பண்ணுங்க, பதில் வரலன்னா மறுபடி போடுங்க, கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடி இன்னொரு தடவை கன்ஃபர்ம் பண்ணுங்க, அந்த மெயிலயும் ப்ரின்ட் எடுத்துக்கோங்க. ஏசி இருக்கான்னு கேளுங்க, ஆனா கரன்ட் போகும், அதுக்கும் தயாரா இருங்க. ப்ளக் ஆஸ்திரேலியா மாதிரி சாய்ஞ்ச பின் இருக்கறது, அடாப்டர் அங்க தேடாதீங்க, கைலயே கொண்டு போங்க.

தண்ணி

இத தனியா சொல்றதுக்கு காரணம் இருக்கு. துவாலுல ஆறு கெடையாது, ஏரி கெடையாது, நிலத்தடி நீர்ல உப்பு கலந்துடுச்சு. கூரைல விழற மழைத்தண்ணிய தொட்டில புடிச்சு வெச்சு தான் ஒவ்வொரு வீடும் ஓடுது. 2011ல மாசக்கணக்கா மழை இல்லாம போய் அவசரநிலையே அறிவிச்சாங்க, ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் கடல்தண்ணிய நல்ல தண்ணியாக்கற மெஷின ப்ளேன்ல கொண்டு வந்து எறக்கினாங்க. அப்படிப்பட்ட ஊர்ல நாம ரூம் காச குடுத்துட்டோம்னு இருபது நிமிஷம் ஷவர தொறந்து விடறது சரியே இல்ல. ஒரு பக்கெட்ல குளிங்க, துணிய தேக்கி வெச்சு மொத்தமா அலசுங்க. குடிக்கறதுக்கு காய்ச்சின தண்ணியோ பாட்டில் தண்ணியோ தான், கெஸ்ட் ஹவுஸ்ல கேட்டா காய்ச்சி குடுப்பாங்க, நல்ல பெரிய ஃப்ளாஸ்க் ஒண்ணு கொண்டு போனீங்கன்னா பாட்டில் வாங்கற தேவையே வராது. ப்ளாஸ்டிக் விஷயத்துல 2019லயே ஒரு தடவை யூஸ் பண்ணி தூக்கிப் போடற சாமான் இறக்குமதிக்கு தடை போட்டிருக்காங்க. தீவோட வடக்கு கோடில தான் குப்ப மேடு, அத தாண்டி கடல் தான், நீங்க போடற கவர் எங்கயும் போகாது. பேட்டரி, ஷாம்பு டப்பா, பிஸ்கட் கவர் எல்லாத்தையும் ஒரு பைல கட்டி திரும்ப கொண்டு வந்துடுங்க, நாங்க அப்படித் தான் பண்ணோம், எடை அரை கிலோ கூட வரல.

சாப்பாடு

மீன் சாப்பிடறவங்களுக்கு கவலையே இல்ல, டுனா அவ்ளோ ஃப்ரெஷ்ஷா கெடைக்கும், தேங்காப்பால்ல ஊற வெச்சு பச்சையா சாப்பிடறதும் உண்டு. சீனச் சாப்பாட்டுக் கடைங்க இருக்கு, சோறு சிக்கன் நூடுல்ஸ்னு தட்டு நிறைய குடுப்பாங்க. உள்ளூர் சாப்பாட்டுல புலகான்னு ஒரு கெழங்கு, சேப்பங்கெழங்கு வகை, பவளத்தரைய தோண்டி குழில உரம் சேத்து சேத்து தலைமுறை தலைமுறையா வளக்கறாங்க, இப்ப அந்த குழிங்கள்லயே உப்புத்தண்ணி ஏறி நிறைய வீணாப் போச்சு. யாராவது வீட்டுல புலகா பரிமாறினா அது எவ்ளோ பெரிய மரியாதைன்னு தெரிஞ்சு சாப்பிடுங்க. அப்புறம் கலேவே, தென்னம்பாளைய சீவி எடுக்கற இனிப்பு நீர், நம்ம பதநீர் தெரிஞ்சவங்களுக்கு முதல் வாய்லயே அட நம்ம சாமான்னு தோணும், காலைல கேட்டு வாங்கி குடிங்க, நேரம் ஆக ஆக புளிச்சுடும்.

சைவம்னா கஷ்டம் தான், மறைக்க விரும்பல. காய்கறி வளர மண்ணே இல்ல, தைவான் நாட்டு உதவில ஒரு தோட்டம் நடத்தறாங்க, அங்க விக்கற நாள்ல விடியற்காலைலயே ஜனங்க வந்து வாங்கிட்டு போயிடுவாங்க. மத்ததெல்லாம் ஃபிஜில இருந்து கப்பல்ல வரணும், கப்பல் லேட்டானா கடைல அலமாரி காலி. இதுக்கு ஒரு நல்ல வழி, ஊர்ல இருந்து பருப்பும் பொடியும் தூக்கிட்டு போகாதீங்க, ஃபிஜி ஏர்போர்ட்ல உணவுப் பொருள் சோதனை ரொம்ப கடுமை, விதை, பழம், பால் சாமான் எல்லாம் பிடுங்கிடுவாங்க, சொல்லாம மறைச்சா அபராதம். அதுக்கு பதிலா சுவால தங்கற ரெண்டு நாள்ல அங்கயே வாங்குங்க. ஃபிஜில மூணுல ஒருத்தர் இந்திய வம்சாவளி, 1903ல இருந்து மெட்ராஸ் துறைமுகம் வழியா கரும்புத் தோட்டத்துக்கு போன தென்னிந்தியங்களோட பேரப்பிள்ளைங்க இன்னும் இருக்காங்க, பருப்பு, மசாலா பொடி, ஊறுகா எல்லாம் சூப்பர்மார்க்கெட்லயே சீல் பண்ண பாக்கெட்டா கெடைக்கும். துவாலு ஏர்போர்ட்லயும் கேட்டா என்ன கொண்டு வந்தோம்னு மறைக்காம சொல்லிடுங்க. நாந்தில ஊர் தெற்கு முனைல ஒரு பெரிய முருகன் கோவில் இருக்கு, கோபுரம் முழுக்க வண்ணம். அவ்ளோ தூரம் கடல தாண்டி போய் அந்த கோபுரத்த பாத்தப்ப எனக்கு தொண்ட அடைச்சுடுச்சு, போற வழில ஒரு மணி நேரம் ஒதுக்கிட்டு போயிட்டு வாங்க.

உடம்பு

நாட்டுல ஒரே ஆஸ்பத்திரி, பிரின்சஸ் மார்கரெட், ஃபுனாஃபுட்டில. பெருசா ஏதாவதுன்னா ஃபிஜிக்கு தான் அனுப்பணும், அதுக்கு தனி ப்ளேன்னா செலவு தாங்காது, அதனால ஆபத்துல வேற நாட்டுக்கு தூக்கிட்டு போற செலவையும் ஏத்துக்கற ட்ராவல் இன்சூரன்ஸ் எடுக்காம போகாதீங்க. நல்லவேளை மலேரியா இல்ல, ஆனா டெங்கு வரும், கொசு பகல்லயே கடிக்கும், கொசு க்ரீம் நிறைய வெச்சுக்கோங்க. தினமும் சாப்பிடற மாத்திர இருந்தா ட்ரிப் நாளோட ரெண்டு வாரம் சேத்து, டாக்டர் சீட்டோட. பவளம் கீறின காயம் சின்னதா தெரியும், சீக்கிரம் சீழ் புடிச்சிடும், உடனே நல்ல தண்ணில கழுவி மருந்து போடுங்க. தண்ணில இறங்கும்போது ரப்பர் செருப்பு போட்டுக்கோங்க, கல்லு மாதிரியே கெடக்கற விஷ மீன் இருக்கு.

போய் இறங்கினதுக்கு அப்புறம்

முதல் நாள் எங்கயும் ஓடாதீங்க, சாயங்காலம் ரன்வேக்கு போங்க. ஆமா ரன்வேக்கு தான். 1943ல அமெரிக்க கடற்படை போட்ட ஓடுபாதை, தீவோட நடுவுல பெரிய பங்க அதுவே புடிச்சிக்கிச்சு, ஊர்ல வேற பெரிய மைதானம் எங்க இருக்கு? வெயில் தணிஞ்சதும் ஃபுட்பால், வாலிபால், நடக்கறவங்க, குழந்தைங்களோட உக்காந்து கத பேசறவங்கன்னு ஊரே அங்க தான். ராத்திரி புழுக்கம் தாங்கலன்னா பாய் தலகாணியோட வந்து படுக்கறவங்களும் உண்டு. ப்ளேன் வர்றதுக்கு முன்னாடி சைரன் அடிப்பாங்க, எல்லாரும் விலகிடுவாங்க, நீங்களும் விலகிடுங்க, போட்டோ எடுக்கறேன்னு நின்னுட்டு இருக்காதீங்க. பந்து கைக்கு வந்தா திருப்பி அடிங்க, அடுத்த நாள் தெருவுல பத்து பேர் உங்கள பேர் சொல்லி கூப்பிடுவாங்க.

ஊர சுத்த மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுங்க, கெஸ்ட் ஹவுஸ்லயே ஏற்பாடு பண்ணுவாங்க, லைசென்ஸ் கைல இருக்கட்டும். ரோட்டுல ஒரு கோடில இருந்து இன்னொரு கோடிக்கு மெதுவா போங்க, ஒரு இடத்துல ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கடல், ஒரு பக்கம் காயல் (தீவு வளையத்துக்கு உள்ள அடங்கின கடல்) அமைதியா பச்சையா, இன்னொரு பக்கம் பெருங்கடல் வெள்ளையா ஒடஞ்சிட்டு இருக்கும், வண்டிய நிறுத்திட்டு கொஞ்ச நேரம் நில்லுங்க. 1890கள்ல லண்டன் ராயல் சொசைட்டின்ற விஞ்ஞானிங்க சங்கத்து ஆளுங்க இங்க வந்து துளை போட்டாங்க, பவளத்தீவு எப்படி உருவாகுதுன்னு டார்வின் சொன்னது சரியான்னு பாக்கறதுக்கு, 340 மீட்டர் வரைக்கும் தோண்டியும் பவளப்பாறை தான் வந்துட்டே இருந்துச்சு. அந்த துளை போட்ட இடம் இன்னும் இருக்கு, யாரக் கேட்டாலும் காட்டுவாங்க. காயல் ஓரமா 2023ல கடல தூத்து ஏழு ஹெக்டேர் புது நிலம் உண்டாக்கி இருக்காங்க, அதையும் பாருங்க. தபால்தலை சேக்கறவங்களுக்கு வையாகு பக்கத்துல தபால்தலை ஆபீஸே தனியா இருக்கு.

குளிக்கறதுக்கு ஊர ஒட்டின காயல்ல இறங்க வேணாம், கழிவுத்தண்ணி கலக்குது, கொஞ்சம் தள்ளி கோடிப் பக்கம் போங்க. பெருங்கடல் பக்கம் இறங்கவே கூடாது, இழுத்துட்டு போயிடும். பெண்கள் டீ ஷர்ட்டும் முட்டிக்கு கீழ வர்ற துணியும் போட்டுட்டு தான் தண்ணில இறங்குவாங்க, நாமளும் அப்படியே இருக்கணும். சுலுன்னு ஒரு துணி, நம்ம லுங்கி மாதிரி தான், ஆண் பெண் எல்லாரும் கட்டறாங்க, ஒண்ணு வாங்கிக்கோங்க, எல்லாத்துக்கும் உதவும்.

ஒரு நாள முழுசா காயலுக்கு அந்தப் பக்கம் போறதுக்கு வெச்சிடுங்க. மேற்கு ஓரத்துல ஆறு குட்டித் தீவு சேந்த பாதுகாக்கப்பட்ட பகுதி, 33 சதுர கிலோமீட்டர், ஆளே குடியில்ல, பறவையும் ஆமையும் மீனும் தான். ஃபுனாஃபுட்டி கௌபுலேன்னு அவங்க தீவு கவுன்சில் ஆபீஸ் இருக்கு, அங்க போய் அனுமதியும் படகும் கேக்கணும், டீசல் விலைல படகு வாடகை ஜாஸ்தி தான், கெஸ்ட் ஹவுஸ்ல வேற யாராவது தங்கி இருந்தா சேந்து போய் பங்கு போட்டுக்கோங்க. லைஃப் ஜாக்கெட் இருக்கான்னு கிளம்பறதுக்கு முன்னாடியே கண்ணால பாருங்க. சங்கு, பவளம் எதையும் எடுக்கக் கூடாது. நெழலு கம்மி, தண்ணியும் சாப்பாடும் தொப்பியும் கொண்டு போங்க. அந்த தண்ணியோட நெறத்த எழுதிப் பாத்தேன், சரியா வரல, விட்டுட்டேன்.

மத்த தீவுகளுக்கு போகணும்னா அரசாங்க கப்பல் தான், ப்ளேன் கெடையாது. கப்பல் எப்ப கிளம்பும் எப்ப திரும்பும்னு முன்கூட்டி உறுதியா சொல்ல முடியாது, அங்க போய் மாட்டிக்கிட்டா வாரக்கணக்கு. ஒரு மாசம் கைல இருக்கறவங்க மட்டும் யோசிங்க, முதல் தடவைக்கு வேணாம்.

பழக்க வழக்கம்

வணக்கத்துக்கு "தாலோஃபா", நன்றிக்கு "ஃபகாஃபெதாய்". இந்த ரெண்டு வார்த்தை போதும், முகமே மாறிடும். இங்கிலீஷ் பெரும்பாலும் எல்லாருக்கும் புரியும். ஞாயித்துக்கெழம சர்ச், குடும்பம், ஓய்வு, கடை மூடி இருக்கும், அன்னைக்கு வண்டில சத்தமா சுத்தறது, பாட்டு போடறது வேணாம், சனிக்கெழமயே சாப்பாடு வாங்கி வெச்சிடுங்க. விருப்பம் இருந்தா சர்ச்சுக்கு போங்க, எந்த மதமா இருந்தாலும் வாங்கன்னு தான் சொல்வாங்க, அந்த கூட்டுப்பாட்ட கேக்கறதுக்காகவே போகலாம். மனெயபான்ற ஊர்ப் பொது மண்டபத்துக்கு கூப்பிட்டாங்கன்னா செருப்ப வெளிய விட்டுட்டு தரைல சம்மணம் போட்டு உக்காருங்க, பெரியவங்க உக்காந்திருக்கற பக்கம் கால நீட்டாதீங்க, நடுவுல குறுக்க போகணும்னா குனிஞ்சு போங்க, நமக்கு இதெல்லாம் புதுசு இல்ல. ஃபாதெலேன்னு ஒரு ஆட்டம், மரப்பெட்டிய தட்டி மெதுவா ஆரம்பிச்சு வேகம் ஏறி ஏறி மண்டபமே அதிரும், அத பாக்க வாய்ப்பு வந்தா விடாதீங்க.

ஒரு விஷயம் மனசு விட்டு சொல்றேன். கடல் மட்டம் ஏறிட்டே வருது, அதனால "முழுகறதுக்கு முன்னாடி பாத்துடணும்"னு சொல்லிட்டு போறவங்க இருக்காங்க, அத அவங்க முகத்துக்கு நேரா சொல்றவங்களும் இருக்காங்க, எனக்கு கேக்கும்போதே கோவம் வரும். அது அவங்க வீடு, அவங்க பாட்டன் புதைஞ்ச மண்ணு. 2021ல அவங்க மந்திரி கடல்ல முட்டி அளவு தண்ணில நின்னு உலக பருவநிலை மாநாட்டுக்கு பேசினாரு, ஆஸ்திரேலியா கூட 2023ல ஒப்பந்தம் போட்டு வருஷத்துக்கு 280 பேர் அங்க போய் குடியேறலாம்னு வந்திருக்கு, ஒவ்வொரு குடும்பத்துலயும் போறதா இருக்கறதான்னு பேச்சு ஓடுது. அவங்களா பேசினா கேளுங்க, நீங்களா கெளறாதீங்க. தண்ணி புகுந்த வீட்ட போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி கேட்டுட்டு எடுங்க.

போன், நெட்

உங்க ஊர் ரோமிங்க நம்பாதீங்க, உள்ளூர் டெலிகாம் ஆபீஸ்ல சிம் வாங்கிக்கோங்க, நெட் வரும் போகும். மேப், டிக்கெட், இன்சூரன்ஸ் பேப்பர் எல்லாம் முன்னாடியே போன்ல இறக்கி வெச்சிடுங்க. டைம் நம்மள விட ஆறரை மணி நேரம் முன்னாடி, ஃபிஜியும் அதே டைம், அதனால வீட்டுக்கு போன் பண்ற நேரத்த கிளம்பறதுக்கு முன்னாடியே பேசி வெச்சுட்டு போங்க, ரெண்டு நாள் போன் வரலன்னா பயப்பட வேணாம்னும் சொல்லிடுங்க.

கிளம்பற நாள்

முந்தின நாளே போய் ப்ளேன் வருதான்னு கேட்டுடுங்க, ஏர்போர்ட் தான் பக்கத்துலயே இருக்கே. காலைல பெட்டிய குடுத்துட்டு மறுபடி கெஸ்ட் ஹவுஸுக்கு வந்து சாப்பிட்டு உக்காந்திருக்கலாம், சைரன் சத்தம் கேட்டதுக்கு அப்புறம் நடந்தா கூட போதும்னு உள்ளூர்க்காரங்க சொல்வாங்க, முதல் தடவை போறவங்க அப்படி பண்ணாதீங்க, சொன்ன நேரத்துக்கு போயிடுங்க. துவாலு காசு மிச்சம் இருந்தா அங்கயே செலவு பண்ணிடுங்க, ஃபிஜில அத யாரும் வாங்க மாட்டாங்க, ஆமை போட்ட ஒரு டாலர் மட்டும் ஒண்ணு வெச்சுக்கோங்க. மிச்சம் இருக்கற கொசு க்ரீம், பேன்டேஜ், பிரிக்காத பருப்பு பாக்கெட் எல்லாம் தங்கின வீட்டுல கேட்டுட்டு குடுத்துட்டு வாங்க, அடுத்த கப்பல் எப்ப வரும்னு அவங்களுக்கு தெரியாது.